மூன்று விரலோடு நின்றுபோன படம்: வில்லாபுரத்திலிருந்து மேலூருக்கு அப்பால் ஒரு பகல்

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுக் கிளம்பி, பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடக்கூடிய பயணங்கள். கீழக்குயில்குடி மலைக்குப் போய்வந்ததைப் படித்துவிட்டு, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுவரை எழுதியதற்குச் சிலர் நன்றி சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையும் நேரம், தூரம், செலவு எல்லாம் இருக்கும். ஆனால் இது ஊர் பார்க்கப் போன பயணம் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு என் தங்கை என் போனிலிருந்து காணாமல் போனாள். அவளைத் தேடிப் போன பயணம். மேலூருக்கு அப்பால் பாறையும் குகையும் பார்க்கப் போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எல்லோரும் போனில் தெரியும் வரைபடத்தை நம்பித்தான் போகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தங்கை பெயர் பியூலா. வயது முப்பத்தேழு. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. காது கேளாதோர் பள்ளியில் இரண்டு வருடம்தான் படித்தாள். அதனால் அவள் கைப்பேச்சு பாதி பள்ளியில் வந்தது, மீதி நாங்கள் இருவரும் சிறு வயதில் உண்டாக்கிக்கொண்டது. அதை முழுதாகப் புரிந்துகொள்ளும் ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அவள் வீட்டுக்காரர் ஜெபராஜுக்கு முக்கால்வாசி புரியும். அவர் கிரானைட் கல் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் துறைமுகத்தில் கிடப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து ஆண்டவர் இப்போதுதான் அவர்களுக்கு இரங்கினார். அன்றைக்கு அவள் கர்ப்பத்தில் எட்டாம் மாதம் பிறந்து ஆறாவது நாள். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. அவள் இருப்பது மேலூருக்கு வடக்கே பதினோரு கிலோமீட்டரில் ஒரு சிற்றூர். தனியாக இருக்கும் பெண் என்பதால் ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை.

வயது அதிகம் என்பதால் டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்திருந்தார். காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து குழந்தையின் அசைவை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். வராவிட்டால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். இதை அவளுக்குக் கையால் விளக்கிச் சொன்னவள் நான். தினமும் காலை எட்டு மணிக்கு அவள் வீடியோ காலில் வருவாள். போனை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விரல் கூடும். நான் இங்கே காய் நறுக்கிக்கொண்டே நேரத்தைக் குறித்துக்கொள்வேன். சாதாரணமாக முக்கால் மணி நேரத்தில் பத்து விரலும் விரிந்துவிடும். பிறகு இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் போவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் விரல் 8.12-க்கு. இரண்டாவது 8.23. மூன்றாவது 8.38. இவ்வளவு தாமதம் அதுவரை ஆனதில்லை. 8.41-க்குப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. அவள் முகமும் மூன்று விரலும் அப்படியே நின்றன. நடுவில் வட்டம் சுற்றியது. பிறகு அழைப்பு அறுந்தது.

மற்றவர்களுக்கு நெட் போனால் குரல் அழைப்பில் பேசிக்கொள்ளலாம். பியூலாவுக்கு நெட்தான் வாய், நெட்தான் காது. பதினான்கு தடவை முயன்றேன். அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றைக் குறியோடு நின்றது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாவுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதில். ஜெபராஜுக்குப் போட்டேன். தூத்துக்குடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். தானும் காலையிலிருந்து முயல்வதாகவும், இரண்டு நாளாகவே அங்கே சிக்னல் விட்டு விட்டு வருவதாகவும் சொன்னார். "மதினி, நான் இப்ப கெளம்புனாலும் வந்து சேர மத்தியானம் மூணு மணியாயிரும். நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாத்துருங்க" என்றார். அவர் குரல் நன்றாக இல்லை. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து பேசும்போது டவர் வேலையாக இருக்கும், பத்து மணிவரை பொறு என்றார். பத்து மணிவரை பொறுக்க என்னால் முடியவில்லை.

9.20-க்கு வீட்டைப் பூட்டினேன். கையில் 1,140 ரூபாய், ஒரு தண்ணீர் பாட்டில், அவளுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகல். மதுரை வில்லாபுரத்திலிருந்து மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் உண்டு, பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். அன்று ஆட்டோ எடுத்தேன். 280 ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசாமல் ஏறியது எனக்கே பின்னால்தான் உறைத்தது. தூரம் சுமார் பத்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் 5ஜி, வேகம் பார்க்கும் செயலியில் 180 காட்டியது. இந்த எண்ணுக்குப் பின்னால் எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். முதலில் பார்த்தபோது டாக்டர் படிப்பு இங்கே எங்கே வந்தது என்று நினைத்தவள் நான். பிறகு நானாகவே படித்துத் தெரிந்துகொண்டேன். பதிவிறக்க வேகம் ஒன்று, நம் பக்கத்திலிருந்து அனுப்பும் வேகம் இன்னொன்று. விளம்பரத்தில் சொல்வது முதலாவதை. பியூலா கையை அசைத்தால் அது எனக்குத் தெளிவாக வருவதற்கு வேண்டியது இரண்டாவது. அது குறைந்தால் விரல்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும்.

மாட்டுத்தாவணியில் சிக்னல் கோடு நான்கும் நின்றது, வேகம் 6-க்கு மேல் போகவில்லை. ஆட்டோக்காரர் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கன அப்படித்தான்க்கா. கோடு நிக்கும், பாட்டு ஓடாது. இம்புட்டுக் கூட்டமும் ஒரே டவரைப் புடிச்சுத் தொங்குனா அது என்ன பண்ணும்?" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

9.58-க்கு மேலூர் பஸ் கிளம்பியது. கட்டணம் 25 ரூபாய். நான்குவழிச் சாலை, நாற்பது நிமிடப் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபம் செய்யப் பார்த்தேன். எனக்கு ஜெபம் தடையில்லாமல் வரும், சபையில் முன்னால் நின்று நடத்துகிறவள்தான். அன்று ஒரு வாக்கியமும் முடியவில்லை. ஆண்டவரே இன்னும் ஏழு, இன்னும் ஏழு என்று அது மட்டும்தான் வந்தது. யானைமலை கடந்துபோனது தெரியவில்லை.

பாதி வழியில், அவள் ஏதாவது எழுதியிருப்பாளோ என்று எங்கள் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். பியூலாவுக்கு வாசிப்பு குறைவு. கம்பெனியிலிருந்து வரும் குறுஞ்செய்தி எதுவானாலும் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். முக்கியம் என்றால் நான் கட்டைவிரலை மேலே காட்டுவேன். விளம்பரம் என்றால் கீழே. நாளுக்கு ஏழெட்டு வரும். ரீசார்ஜ் செய், பாட்டு வை, பரிசு வெல் என்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் அனுப்பிய ஐந்து படங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு கீழ் நோக்கிய கட்டைவிரல் போட்டிருந்தேன்.

ஐந்தில் நான்காவது படம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் நானாகக் கற்றுக்கொண்டதுதான், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். உங்கள் பகுதி டவரில் மேம்பாட்டு வேலை நடக்கிறது, செவ்வாய், புதன் இரண்டு நாளும் சேவை தடைபடலாம், வேலை முடிந்ததும் வேகம் கூடும் என்று இருந்தது.

நான்தான் அதை விளம்பரம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பியிருக்கிறாள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் திங்கட்கிழமையே போய் அழைத்து வந்திருப்பேன். மேலூர் வரும்வரை அந்தப் படத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். என் முகம் எப்படி இருந்ததோ.

10.40-க்கு மேலூர் பஸ் நிலையம். இங்கே 4ஜி நன்றாகவே இருந்தது. மறுபடி போட்டேன், மணி போகவில்லை. அந்த ஊருக்கு மினி பஸ் பதினொன்றரைக்குத்தான் என்றார்கள். தனி ஆட்டோ 220 ரூபாய். ஓட்டுநர் ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டையில் மிச்சமிருந்த ஒரே பொத்தானைப் போட்டிருந்தார். ஏறும்போதே, கையில் ரொக்கம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்.

"ஏண்ணே, ஜிபே இல்லையா?"

"இருக்குக்கா. அங்கிட்டுப் போனா அது ஓடாது. நேத்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பொண்ணு பாக்க வந்து எறங்கி, பணம் போகுது போகுதுன்னு போனைச் சுத்திக்கிட்டே நின்னாக. நல்ல நேரம் முடிஞ்சுபோச்சு. கடைசியில பொண்ணோட அப்பாதான் வந்து எனக்குக் காசு குடுத்தாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். வேகத்தைக் கூட்டினார்.

மேலூர் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் 4ஜி ஒரு கோடானது. ஐந்தாவது கிலோமீட்டரில் அதுவும் போய், பழைய 2ஜியைக் காட்டும் இ என்ற எழுத்து வந்தது. முன்பெல்லாம் 4ஜி போனால் 3ஜி தாங்கிப் பிடிக்கும். எங்கள் கம்பெனி அதை எடுத்துவிட்டது. இப்போது மேல்படியிலிருந்து நேராகத் தரைக்குத்தான் விழ வேண்டும். ஏழாவது கிலோமீட்டரில் அந்த எழுத்தும் இல்லை. வரைபடத்தில் எங்களைக் காட்டும் நீலப் புள்ளி வெறும் வெள்ளைக் கட்டத்தின் நடுவே நகர்ந்துகொண்டிருந்தது. இருபுறமும் அறுவடை முடிந்த வயல், அதற்கு அப்பால் வெட்டி விட்ட கல்குவாரிகளின் மண் மேடுகள்.

11.08-க்கு வீட்டு வாசல். கதவில் பூட்டு.

பாண்டியம்மா ஓடி வந்தார். "ஒம்பது மணிக்கே போனைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருச்சுக்கா. வயித்தைக் காட்டுச்சு, விரலைக் காட்டுச்சு. நான் பசிக்குதாக்கும்னு ரெண்டு இட்லி வச்சுக் குடுத்தேன். வாங்கித் தின்னுட்டு மறுபடியும் அதையே காட்டுச்சு. எனக்கு வெளங்கலயேக்கா" என்று அவர் அழ ஆரம்பித்துவிட்டார். எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டேன். கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே என்ன இருக்கிறது என்றேன். டவர் இருக்கிறது என்றார்.

கண்மாய்க் கரைவரை ஆட்டோ போனது. அதற்கு மேல் அறுநூறு மீட்டர் நடக்க வேண்டும். லாரிப் பாதை ஒன்று வேறு பக்கமாகச் சுற்றி வருகிறது, அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒற்றையடிப் பாதையின் இடது பக்கம் கைவிட்ட குவாரிப் பள்ளம். சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள், அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர். வேலி கிடையாது. ஓட்டுநரும் என்னோடு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன், உடனே பார்வையை எடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட்டு என்ன? பின்னாலேயே வந்து நின்று கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. தேடிப் போகிறவளுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

டவர் தெரிந்தது. உச்சியில் இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு பழைய ஆண்டெனாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு பிக்கப் வண்டி. கம்பி வேலிக்கு வெளியே ஊர்க்காரர்கள் ஆறேழு பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். கொட்டகை நிழலில், புது ஆண்டெனா வந்த அட்டைப் பெட்டியின் மேல் பியூலா உட்கார்ந்திருந்தாள். சிக்னல் டவரிலிருந்துதானே வருகிறது, அதன் அடியிலேயே போய் உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். போனை முகத்துக்கு நேரே பிடித்து, அணைந்து கிடந்த திரைக்கு விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. கையை என் பக்கம் திருப்பினாள். நான்கு விரல்.

மணி 11.24. எட்டு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மொத்தம் நான்கு.

தரையில் நின்ற மேற்பார்வையாளர், மஞ்சள் தலைக்கவசம் போட்ட உசிலம்பட்டிக்காரர், என்னிடம் வந்தார். "நீங்கதான் இந்தக்கா ஆளா? காலையில இருந்து எந்திரிக்காம உக்காந்திருக்கு. மாசமா இருக்க பொம்பளையக் கொண்டாந்து கதிர்வீச்சுன்னு மறியலுக்கு உக்கார வச்சுட்டாகன்னு நெனச்சுப்புட்டோம். ஆபீசுக்குச் சொல்லலாம்னா போனும் எடுக்கல."

வேலியோரம் நின்றவர்களில் ஒருத்தர், "டவர்காரனுக்கே டவர் இல்ல மாப்ள" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"மறியல் இல்ல தம்பி" என்றேன். "பிள்ளை அசையல. அதை எங்கிட்டச் சொல்லத்தான் போனைத் தூக்கிட்டு வந்திருக்கா."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் மேலே இருந்தவர்களைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். 108-க்குப் போட்டுப் பார்த்தேன், அந்த இடத்தில் எனக்கு மணி போகவில்லை. அவர் பிக்கப் கதவைத் திறந்துவிட்டார். ஆட்டோ ஓட்டுநரிடம் 220-ஐ நீட்டியபோது, காத்திருந்ததற்கு எதுவும் கேட்கவில்லை. முப்பது சேர்த்துக் கையில் திணித்தேன்.

பிக்கப் மேடு பள்ளத்தில் மெதுவாகத்தான் போனது. நான் பியூலாவின் வயிற்றில் கை வைத்தபடியே வந்தேன். மேற்பார்வையாளர், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல் பேசிக்கொண்டே ஓட்டினார். டவர் ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் காலடியில் சிக்னல் குறைவாகத்தான் இருக்குமாம், ஆண்டெனா தூரத்தைப் பார்த்து அடிப்பதற்காகச் சாய்த்து வைத்தது. இதைத் தங்கையிடம் மூன்று தடவை சொன்னாராம். அவளுக்குக் காது கேட்காது என்பது அவருக்குப் பத்தரை மணிக்கு மேல்தான் தெரிந்ததாம். "சண்டைக்கு வந்திருக்கு, அதான் பேச மாட்டேங்குதுன்னு நெனச்சேன்க்கா" என்றார். காலையில் பாண்டியம்மா இட்லி கொடுத்தார், இவர் மறியல் என்றார், நான் ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரலைக் கீழே காட்டினேன். மூன்று பேரில் அதிகம் தெரிந்தவள் நான்தான்.

12.02-க்கு மேலூர் அரசு ஆஸ்பத்திரி. சீட்டுப் போடும் இடத்தில் நிறுத்தாமல் நேராக உள்ளே அனுப்பினார்கள். நர்ஸம்மா வயிற்றில் களிம்பு தடவி, சின்ன ரேடியோ மாதிரி ஒரு கருவியை வைத்தார். இரைச்சல் மட்டும் வந்தது. இடம் மாற்றினார். இரைச்சல். மறுபடி மாற்றினார். எத்தனை நேரம் என்று நான் குறிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிற எனக்கு அந்த நேரம் மட்டும் தெரியாது.

பியூலா கருவியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் என்ன ஒலிக்கிறது என்பதை அவள் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பயத்தைக் காட்டக் கூடாது என்று முகத்தை இறுக்கினேன். இறுக்கினாலும் அவளுக்குத் தெரியும், முப்பத்தேழு வருடமாகப் படிக்கிற முகம். நர்ஸம்மா இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். அவர் வந்து கருவியை வாங்கி, இடுப்புப் பக்கம் நன்றாகச் சரித்து அழுத்தினார்.

கேட்டது. குதிரை ஓடுவது மாதிரி, ஆனால் தூரத்தில்.

அதற்கு எங்களிடம் சைகை இல்லை. இதுவரை தேவைப்பட்டதே இல்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, கேட்ட வேகத்தில் என் இரண்டு விரலால் தட்டினேன். டக் டக் டக் டக் என்று. அவள் முதலில் விழித்தாள். பிறகு புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா கருவியை எடுத்த பிறகும் என் கையை விடவில்லை. நான் நிறுத்தினால் உள்ளேயும் நின்றுவிடும் என்பதுபோல இன்னும் தட்டு, இன்னும் தட்டு என்று பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, துடிப்பு இருக்கிறது, ஆனால் குழந்தை சோர்ந்திருக்கிறது, பனிக்குட நீர் குறைந்திருக்கலாம் என்றார். ஆம்புலன்ஸில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். 1.35-க்குச் சேர்ந்தோம். ஸ்கேனில் நீர் குறைவுதான். சாயங்காலம்வரை பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதை இப்போது ஏன் கேட்கிறீர்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். அதற்கு மேல் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. குழந்தையின் நுரையீரல் பலப்பட இரண்டு ஊசி போட்டு, ஐந்து நாள் வைத்திருந்து, மாத்திரையும் கட்டுப்பாடும் சொல்லி அனுப்பினார்கள். மேலூரிலிருந்தே போன் போட்டுச் சொல்லியிருந்ததால் ஜெபராஜ் மூன்றே காலுக்கு லாரி உடையிலேயே அங்கே வந்து சேர்ந்தார். ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைய செலவு: ஆட்டோ இரண்டும் சேர்த்து 530, பஸ் 25, ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் இரண்டு 100. ஆக 655 ரூபாய். பிக்கப் வண்டிக்கு மேற்பார்வையாளர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

போன வாரம் பியூலாவின் துணிமணிகளை எடுத்துவர மறுபடி அந்த ஊருக்குப் போனேன். டவர் வேலை முடிந்துவிட்டது. வாசலில் நின்று வேகம் பார்த்தேன், 140 காட்டியது. முன்பு அங்கே 12-க்கு மேல் நான் பார்த்ததில்லை. பாண்டியம்மா வீட்டில் டிவி நாடகத்தைப் போனில் தடங்கலில்லாமல் பார்க்கிறார்கள். ஆனால் பியூலாவின் அடுப்படிக்குள் நுழைந்ததும் ஒரு கோடு, உப்பு ஜாடி இருந்த மூலையில் அதுவும் இல்லை. கண்மாய்ப் பக்கத் தெரு நான்கு வீட்டுக்கும் இதே கதிதான். புது ஆண்டெனாக்களைச் சாலைப் பக்கமாகத் திருப்பியிருக்கிறார்கள் என்றும், புது அலை வேகமாக வரும் ஆனால் கல் சுவரைத் தாண்டாது என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வேகம் கூடியிருக்கிறது, எட்டும் இடம் குறைந்திருக்கிறது. ஊர் மொத்தத்துக்கும் லாபமாக இருக்கலாம். என் தங்கை உட்காரும் இடத்துக்கு நஷ்டம்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது. வரைபடத்தை மேலூரிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏழாவது கிலோமீட்டருக்கு மேல் அது திறக்காமல் போகலாம். ரொக்கமாக ஐந்நூறு ரூபாயாவது கையில் வையுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு சிம் வைத்துப் பயனில்லை, வேறு வேறு கம்பெனியாக இருக்க வேண்டும், அதிலும் இரண்டும் ஒரே டவரில் தொங்குகிறதா என்று உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். கைவிட்ட குவாரிப் பக்கம் குறுக்கு வழி போகாதீர்கள், பகலிலும் வேண்டாம். கம்பெனி அனுப்பும் குறுஞ்செய்தியில் விளம்பரத்துக்கு நடுவேதான் வேலை நடக்கும் தேதியும் வருகிறது. என்னை மாதிரி மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் காது கேளாதவர்கள் தனியாக இருந்தால், நெட் போனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று முன்பே பேசி, அவசரத்துக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். "குழந்தை அசையவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தால் ஒன்பது மணிக்கே பாண்டியம்மா வண்டி பிடித்திருப்பார். ஐந்து ரூபாய் அட்டை. அது எனக்குத் தோன்றவில்லை.

பியூலா இப்போது வில்லாபுரத்தில் எங்களோடு இருக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் சொல்லியிருக்கிறார்கள். எண்ணுவது இப்போது காலையும் மாலையும். பக்கத்தில் உட்கார்ந்து நானே அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொள்கிறேன். நேற்றுக் காலை பத்து அசைவுக்கு நாற்பது நிமிடம் ஆனது. இன்று ஐம்பத்தைந்து. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் போதும், பயப்பட வேண்டாம் என்றார். பியூலாவிடம் அதைச் சொன்னேன், அவள் தலையாட்டிவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டாள். நான் கையை எடுக்கவில்லை. பதினொன்றாவது அசைவுக்காக உட்கார்ந்திருந்தேன்.